கல்ஃப் மாப்பிள்ளை

மக்காவுக்கு உம்ரா பயணம் புறப்படுகிறவர்கள் ஊரில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். காரைக்காலில் இது லேசுப்பட்ட வேலை இல்லை. சொந்தக்காரர் வீடு, பக்கத்து வீடு, எதிர்த்த வீடு, என்றைக்கோ சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட வீடு என்று ஒன்று விடாமல் ஏறி இறங்க வேண்டும். "தெரிஞ்சும் தெரியாமயும் ஏதும் செஞ்சிருந்தா பொறுத்துக்குங்க" என்று இவர்கள் சொல்ல, "பொறுத்துக்கிட்டோம், எங்களுக்கும் துஆ செய்ங்க" என்று அவர்கள் சொல்ல, நடுவில் டீ வந்துவிடும். பாதி வீடுகளில் மன்னிப்பைவிட டீதான் சூடாக இருக்கும்.

சித்திக்காவும் அவள் கணவர் தாரிக்கும் அந்த வாரம் முழுக்க இதே வேலையாக அலைந்தார்கள். தாரிக்குக்குச் சில வருடங்களாக நடுக்க நோய். வலது கை சும்மா இருக்கும்போதுகூட விரல்கள் தஸ்பீஹ் மணி உருட்டுவதுபோல அசைந்துகொண்டே இருக்கும். எந்த வீட்டில் டீ கொடுத்தாலும் சித்திக்கா முந்திக்கொண்டு வாங்கி, பாதியைத் தன் கிளாசில் ஊற்றிக்கொண்டு மீதியை அவரிடம் நீட்டுவாள். வீட்டுக்காரர்கள் பார்க்காததுபோலப் பார்ப்பார்கள். அது சாதாரணக் கையாக இருந்தால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு காலத்தில் ஆசியாவிலேயே இப்படி ஒரு கை இல்லை என்று பத்திரிகைகள் எழுதிய கை அது. எவ்வளவோ தூரத்திலிருந்து கோல்ஃப் பந்தை உருட்டி, சொம்பு வாய் அகலம் மட்டுமே உள்ள குழிக்குள் விழவைத்த கை. இன்றைக்கு அந்தக் கைக்குச் சட்டைப் பொத்தானின் ஓட்டை அகப்படுவதில்லை.

வியாழக்கிழமை மதியத்துக்குள் ஊர் முழுக்கப் பொறுத்தாயிற்று. விமானம் சனிக்கிழமை. துபாயில் வேலை பார்க்கும் மகன் அப்ரார் டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டான். ஜித்தாவில் வந்து சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருந்தான். எல்லாம் தயார். ஆனால் சித்திக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ஊரெல்லாம் கேட்டுவிட்டாள், ஒரே ஒரு ஆளிடம் கேட்கவில்லை. அந்த ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து மீன் ஆணத்தைச் சட்டையில் சிந்திக்கொண்டிருந்தார். இருபது வருடத்துக்கு மேலாக அது அவள் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அதைக் கேட்காமல் விமானம் ஏறினால் கஅபாவுக்கு முன்னால் எந்த முகத்தோடு நிற்பது? கேட்டால் அவர் பொறுப்பாரா என்பது அதைவிடப் பெரிய பயம்.

முள் எப்படிச் சிக்கியது என்று சொல்ல வேண்டுமானால் அவள் கல்யாணத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கல்யாணமே காது செய்த கோளாறு.

சித்திக்காவின் வாப்பா மீரா சாகிப் சவுதியில் கடை வைத்திருந்தவர். அந்தத் தெருவில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதென்றால் முதல் கேள்வி, எந்த நாடு என்பதுதான். தூரத்துச் சொந்தம் சேக் அலாவுதீன் மெட்ராஸிலிருந்து போன் போட்டு, பையன் கோல்ஃபில் இருக்கிறான், நல்ல பேர் எடுத்தவன் என்று சொன்னார். லைனில் ஒரே இரைச்சல். மீரா சாகிப் காதில் கல்ஃபில் இருக்கிறான் என்று விழுந்தது. அவர் காதில் வேறு எப்படி விழும்? எந்த நாடு என்று கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. அல்லாஹ் நாடியது எந்த நாடாக இருந்தாலும் சரி என்று நாள் குறித்துவிட்டார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். இங்கே யாரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஒரு எழுத்துத்தான் மாறி உட்கார்ந்துகொண்டது.

நிக்காஹ் முடிந்து, ஒரே பெரிய தட்டில் வைத்த சஹன் சோற்றைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்து கை வைத்தபோதுதான் குட்டு உடைந்தது. துபாயா, சவுதியா என்று பெரியவர் ஒருவர் கேட்டார். மெட்ராஸ் என்றார் மாப்பிள்ளை. மெட்ராஸ் எப்போது கல்ஃப் ஆனது என்று பெரியவர் கேட்க, தாரிக் பொறுமையாக விளக்கினார். அவருடைய வாப்பா மெட்ராஸில் ஒரு கோல்ஃப் கிளப்பில் கேன்டீன் நடத்தியவர். தாரிக் சின்ன வயதிலிருந்து அங்கே ஆட வருகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவர். நடந்து நடந்து ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு, இப்போது அதையே தொழிலாக ஆடுகிறார். சஹனில் கை வைத்திருந்த யாரும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை, வாயிலும் போடவில்லை. மீரா சாகிப் சில நாள் யாரோடும் பேசவில்லை. ஆனால் கட்டிய கருசமணியை அவிழ்க்க முடியுமா? ஊர் அன்றைக்கே தாரிக்குக்குக் கல்ஃப் மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டது. மெட்ராஸ் சென்னையான பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை.

சித்திக்காவுக்கு அதில் வருத்தமே இல்லை. வாப்பாவைப்போல இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து போகும் ஆளுக்குப் பதிலாக, மாதத்துக்கு ஒருமுறையாவது தலைகாட்டும் ஆள் கிடைத்ததே என்று உள்ளுக்குள் சந்தோஷம்தான். கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் தாரிக் பூந்தொட்டி மண்ணில் ஒரு சின்னக் குச்சியை ஊன்றி, அதன் தலையில் பந்தை உட்காரவைத்து, மட்டையை அவள் கையில் கொடுத்தார். அவள் மட்டையைக் கிட்டே கொண்டுபோகும்போதே முனை பட்டுப் பந்து கீழே விழுந்துவிட்டது. போச்சா, தோற்றுவிட்டேனா என்று அவள் பதறினாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அது அடி இல்ல புள்ள. நீ அடிக்கணும்னு நிய்யத்து வெக்கல. முதல் அடிக்கு முன்னாடி தவறிப்போயி பட்டு விழுந்தா கணக்குல வராது. எடுத்து வெச்சிட்டு ஆடலாம்."

அப்படியானால் அடிக்கவேண்டும் என்று நினைத்து வீசி, பந்தில் படவே இல்லையென்றால் என்று அவள் கேட்டாள். அது அடிதான், காற்றில் வீசினாலும் அடி, பந்து நகர்ந்ததா என்று யாரும் பார்க்க மாட்டார்கள், நிய்யத்து இருந்ததா என்றுதான் பார்ப்பார்கள் என்றார். வெள்ளைக்காரன் ஆட்டத்துக்கும் தொழுகை மாதிரி மனசில் எண்ணிக்கொள்கிற நிய்யத்து உண்டா என்று அவளுக்கு ஆச்சரியம். ஒருநாள் நீ வந்து நான் ஆடுவதைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னார். வருகிறேன் என்று அவளும் சொன்னாள். அந்த ஒருநாள் வரவே இல்லை. முதலில் வயிற்றில் பிள்ளை, பிறகு கையில் பிள்ளை, பிறகு வாப்பாவுக்கு நோய் என்று தள்ளிக்கொண்டே போயிற்று.

தாரிக் கல்கத்தாவில் ஜெயித்தார், டில்லியில் ஜெயித்தார், கோலாலம்பூரில் ஜெயித்தார். காரைக்காலுக்கு எதுவும் புரியவில்லை. எத்தனை ரன் எடுத்தார் என்று கேட்டவர்கள்கூட உண்டு. குறைவாக அடிக்கிறவன்தான் ஜெயிக்கிறான் என்று சொன்னால், அப்படியென்றால் வீட்டிலேயே இருந்துவிடலாமே என்பார்கள். ஊருக்குப் புரிந்தது ஒரே ஒரு ஆட்டம்தான், அதுவும் அவர் தோற்ற ஆட்டம். பாங்காக்கில் கடைசி நாள், பந்து ஒரு புதருக்குள் போய்விட்டது. உள்ளே குனிந்து போய் வீசியிருக்கிறார். மட்டை கிளையில் சிக்கியதில் பந்து அசையவில்லை. வெளியில் நின்ற யாருக்கும் தெரியாது. இன்னொரு முறை வீசிப் பந்தை வெளியே கொண்டுவந்தவர், நேராக நடுவரிடம் போய் உள்ளே இரண்டு அடி என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு அடியில்தான் பட்டம் போயிற்று. சித்திக்காவின் அண்ணன் ஜவஹர் அலிக்குத் தாங்கவில்லை. யாரும் பார்க்கவில்லையே மச்சான் என்று வயிறெரிந்தார். நான் பார்த்தேனே என்றார் தாரிக். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிழைக்கத் தெரியாதவர் என்று தெரு முடிவு கட்டியது. சித்திக்காவுக்கு மட்டும், இப்படி ஒரு ஆளுக்கு வாக்கப்பட்டோமே என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஆண்கள் கடல் தாண்டி சபர் போய்ச் சம்பாதிக்கும் வீடுகளில் பெண்களுக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதிவைத்ததில்லை, யாரும் மீறியதுமில்லை. சபரில் இருக்கும் ஆளுக்குக் கெட்ட சேதி சொல்லக் கூடாது. சொன்னாலும் அவரால் வர முடியாது, அங்கே ஒற்றையாக உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பார், எதற்கு? சித்திக்காவின் உம்மா ஆஸியா பீவி தன் மாமியார் மௌத்தானதையே மீரா சாகிப்பிடம் ஒரு மாதம் மறைத்தவள். போன் வந்தால் ஒரே பாட்டுத்தான்: எல்லாரும் நல்லா இருக்கோம், நீங்க ஒடம்பப் பாத்துக்குங்க. பிள்ளைக்கு ஜுரமா, நல்லா இருக்கு. கூரை ஒழுகுகிறதா, நல்லா இருக்கு. இந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவள் சித்திக்கா. பாலோடு சேர்த்துக் குடித்தது போகுமா?

மூத்த பிள்ளை நௌஷினுக்கு ஆறு வயது நடந்தபோது அந்தக் காய்ச்சல் வந்தது. தாரிக் பெங்களூரில் இருந்தார். நாட்டிலேயே பெரிய போட்டி, மூன்று நாள் ஆட்டம் முடிந்து முதலிடத்தில் இருந்தார். மறுநாள் ஞாயிறு ஜெயித்துவிட்டால் அவர்தான் அந்த வருடத்துச் சாம்பியன். சனிக்கிழமை பகலில் ஆஸ்பத்திரியில், காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. தலைமாட்டில் ஆஸியா பீவி உட்கார்ந்து மெல்லிய குரலில் ஓதிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஜவஹர் அலியின் செல்போன் அடித்தது. வீட்டு போனை யாரும் எடுக்கவில்லையே என்று தாரிக் அதில் கூப்பிட்டிருந்தார். அண்ணன் போனை அவள் காதில் வைத்தார்.

"நௌஷினுக்கு லேசாக் காச்சல், காட்ட வந்தோம். நல்லா இருக்கா. நீங்க நாளைக்கு முடிச்சிட்டு வாங்க" என்றாள் சித்திக்கா.

யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொன்னது. உம்மாவின் வாய், தெருவின் வாய். அண்ணன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். போனைக் கொடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது: இவர் சவுதியில் இல்லையே, பெங்களூரில் அல்லவா இருக்கிறார். இரவு பஸ் ஏறினால் விடியும்போது வந்துவிடுவாரே. கல்ஃபுக்கும் கோல்ஃபுக்கும் உள்ள வித்தியாசம் அவளைத் தவிர யாருக்குத் தெரியும்? அவளே மறந்துவிட்டாள். திரும்பக் கூப்பிட வேண்டும் என்று போனுக்குக் கை நீட்டினாள். அதற்குள் டாக்டர் வந்து, தஞ்சாவூருக்குக் கொண்டு போங்கள் என்றார். வேன் வந்தது, பிள்ளையைத் தூக்கினார்கள். தஞ்சாவூர் போய்ச் சேர்ந்து, விடிகாலை ஃபஜ்ருக்கு பாங்கு சொல்லும் நேரத்தில் நௌஷின் போய்விட்டாள்.

மய்யித்தை வைத்துக்கொண்டிருக்க முடியாது. மதியம் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டார்கள். ஜவஹர் அலி காலையிலேயே அந்த கிளப்புக்கு போன் போட்டுச் சேதி சொல்லியிருந்தார். போனை எடுத்தவர், ஆட்டம் முடியட்டும் என்று வைத்திருந்துவிட்டார். கடைசிக் குழியில் பந்தைப் போட்டுக் கோப்பையை வாங்கிய பிறகுதான் தாரிக்கிடம் சொன்னார்கள். திங்கள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கியவர் வீட்டுக்கு வராமல் நேராகக் கபர்ஸ்தானுக்குப் போனார். ஒரு முழம் கூடுதலாகத் தோண்டியிருந்தாலும் சின்னதாகவே இருந்திருக்கும் அந்தக் கபுரின் பக்கத்தில் மட்டைப் பையோடு நின்றார். அதே நேரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேப்பர் வந்திறங்கியிருந்தது. அதில் அவர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கும் படம்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மகள் மௌத்துக்கு வராமல் பந்து அடித்தவன் என்று ஊர் பேசியது. கல்யாண வீட்டில், பள்ளிவாசல் வாசலில், அவர் காதுபடவே பேசினார்கள். லேசான காய்ச்சல் என்றுதானே என் பெண்டாட்டி சொன்னாள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஜவஹர் அலியிடம்கூடச் சொல்லவில்லை. அவளிடமே கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்பார், நாளைக்குக் கேட்பார் என்று அவள் நடுங்கிக்கொண்டே இருந்தாள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா போயிற்று, வருடம் திரும்பிற்று, அப்ரார் பிறந்தான். அவர் கேட்கவே இல்லை. புதருக்குள் விழுந்த அடியையே மறைக்கத் தெரியாத மனுஷன், என் தப்பைத் தன் தலையில் தூக்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாரே என்று அவள் உருகிப்போனாள். அன்றிலிருந்து அவர் வாய் திறக்குமுன் தண்ணீர் வந்தது, அவர் எழுமுன் செருப்பு வந்தது. மற்றவர்கள் அதைப் பாசம் என்று நினைத்தார்கள். பாசமும்தான்.

அவர் அதற்குப் பிறகும் ஆடினார். ஜப்பானில் ஜெயித்தார், ஆசியாவில் முதல் ஆள் என்று பெயர் எடுத்தார். பெங்களூர்ப் போட்டிக்கு மட்டும் அப்புறம் போகவே இல்லை. அந்தக் கோப்பை துணி சுற்றியபடியே பரணில் கிடக்கிறது.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்த தாரிக், கோட்டுச்சேரிமேட்டுப் பக்கம் கடற்கரைக்குப் போகலாம் என்றார். மட்டை ஒன்றையும் பந்து ஒன்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். "நான் ஆடி நீ ஒருநாளும் பாக்கல. இனிமே பாக்கறதுக்கும் ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு அடி பாத்துட்டு வந்துரு."

தெரிந்த ஆட்டோக்காரர் நவநீதன் மீனவர் குப்பத்தைத் தாண்டி வண்டியை நிறுத்தினார். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த காசியம்மா மட்டையைப் பார்த்துவிட்டு, என்ன பாய், நாயடிக்கக் கெளம்பிட்டீங்களா என்று கேட்டாள். தாரிக் சிரித்துக்கொண்டே நடந்தார். சித்திக்கா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மணலில் அவர் கால் ஒழுங்காகப் பாவவில்லை. அலைக்குக் கொஞ்சம் இப்பால், ஈரமணல் கெட்டியாக இருந்த இடத்தில் நின்றார்கள். ஆள் நடமாட்டம் இல்லை.

அவரால் குனிய முடியாது. சித்திக்காதான் மண்டியிட்டு, குச்சியை ஊன்றி, பந்தை அதன் தலையில் வைத்தாள். எழும்போது புர்கா நுனி பட்டுப் பந்து உருண்டுவிட்டது.

"அச்சச்சோ, தள்ளிட்டேன்" என்றாள்.

"அதுக்கென்ன. அது கணக்குல வராது. எடுத்து வையி" என்றார் அவர்.

மொட்டை மாடியில் சொன்ன அதே வார்த்தை. சித்திக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, மண்டியிட்டபடியே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"மச்சான், அன்னைக்குப் போன்ல லேசாக் காச்சல்னு சொன்னேன்ல. பொய் சொன்னேன். புள்ள கண்ணே தொறக்கல அப்ப. சபர்ல இருக்கறவங்களுக்குச் சொல்றாப்புல வாய் சொல்லிருச்சு. நான் உண்மையச் சொல்லிருந்தா நீங்க வந்திருப்பீங்க. புள்ள மொகத்தப் பாத்திருப்பீங்க. ஊரு உங்கள அந்தப் பேச்சு பேசிருக்காது. இத்தன வருஷம் நீங்க ஒரு வார்த்த கேக்கல. என்னயப் பொறுத்துக்குங்க."

அவர் மட்டையை ஊன்றிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். மட்டையின் முனை மணலில் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"நீ சொன்னது பொய்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்குப் பின்னாடி உங்க உம்மா ஓதிக்கிட்டிருந்தாங்க. போன்ல கேட்டுச்சு. யாசீன். லேசான காச்சலுக்கு யாரு புள்ள, உசுரு போற நேரத்துல ஓதறாப்புல தலமாட்டுல ஒக்காந்து யாசீன் ஓதுவா?"

அலை வந்து கால்வரை தொட்டுவிட்டுப் போயிற்று. சித்திக்கா எழுந்திருக்கவில்லை.

"பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நம்ம பக்கம் வர்ற வண்டி நின்னுக்கிட்டிருந்துச்சு. படியில காலக்கூட வெச்சிட்டேன். நாளைக்கு ஒரு நாளுதானே, ஜெயிச்சிட்டு ஓடிருவோம்னு எறங்கிட்டேன். நல்லா இருக்கான்னு நீ சொன்னியா, அதப் புடிச்சிக்கிட்டேன். நம்புனாப்புல எனக்கு நானே நடிச்சேன். ராத்திரி முழுக்க அந்த யாசீன்தான் காதுல. காலையில போயி ஆடினேன். என் வாழ்நாள்ல அவ்வளவு சுத்தமா ஒருநாளும் ஆடினதில்ல."

அவர் அவள் கையிலிருந்த பந்தைக் காட்டிச் சொன்னார்.

"உன்னுது துணி பட்டு விழுந்த பந்து. உன் பேர்ல அடி கெடையாது. நான் நிய்யத்து வெச்சு நின்னவன். பொறுத்துக்க வேண்டியது நீதான்."

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள். அவள் குரலே அவளுக்கு வேறு யாருடையதோ போல இருந்தது.

"புதருக்குள்ள விழுந்த அடியச் சொல்ல முடிஞ்சுது. இதச் சொல்ல முடியல."

சித்திக்காவுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. எத்தனை தொழுகையில் தலையைத் தரையில் வைத்துக்கொண்டு, என்னால்தான், என்னால்தான் என்று அழுதிருக்கிறாள். அவர் ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும் இதோ கேட்கப்போகிறார் என்று செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறாள். அவர் பேசாதிருந்ததைப் பெருந்தன்மை என்று நினைத்துக் கும்பிடாத குறையாகக் கூட இருந்திருக்கிறாள். பஸ் படியில் கால் வைத்து இறங்கியவர்! கையிலிருந்த பந்தைக் கடலுக்குள் வீசிவிட்டு எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. நவநீதன் வண்டியில் ஏறிப் போய்க்கொண்டே இருக்கலாம். இந்த மனுஷன் தனியாக ரெண்டு எட்டுக்கூட வைக்க முடியாமல் இங்கேயே நிற்கட்டும்.

போகவில்லை. எப்படிப் போவது? அவளுடைய நௌஷினுக்காக இந்த உலகத்தில் இன்னும் அழுகிற இன்னொரு ஆள் அவர் ஒருவர்தான். குனிந்து பந்தைக் குச்சியின் தலையில் வைத்தாள். இந்த முறை துணி படாமல் ஒதுங்கி நின்றாள்.

தாரிக் மட்டையை இரண்டு கையாலும் பிடித்தார். பிடித்த மாத்திரத்தில் அவர் தோளும் இடுப்பும் ஒரு வரிசைக்கு வந்தன. முதுகு நிமிர்ந்தது. பேப்பரில் மட்டும் பார்த்திருந்த ஆளை அவள் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தாள். மட்டை பின்னால் போய் உயர்ந்தது. மேலே நின்ற அந்தக் கணத்தில் கை நடுங்கியதா என்றுகூடத் தெரியவில்லை. கீழே வரும்போது எல்லாம் சிதறிவிட்டது. மட்டை வெறும் காற்றில் வீசிக்கொண்டு போயிற்று, அவரும் கூடவே சுழன்று சாய்ந்தார். சித்திக்கா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். பந்து குச்சியின் தலையில் வைத்தது வைத்தபடி இருந்தது.

"ஒண்ணு" என்றார் அவர். மூச்சு வாங்கியது. "அது அடி. எண்ணிக்க."

அவள் தலையசைத்தாள். அவர் அவள் தோளில் சாய்ந்தபடியே, சின்னப்பிள்ளைபோலக் கேட்டார். "பொறுத்துக்கிட்டேன்னு சொல்லு புள்ள. கஅபாவப் போயி எப்படிப் பாப்பேன் நான்?"

அந்த வாரம் முழுக்க எத்தனை வீட்டில் எவ்வளவு சுளுவாகப் பரிமாறிக்கொண்ட வார்த்தை அது! டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்த வார்த்தை. இப்போது வாயைத் திறந்தால், மூடிய கண்களோடு வேனில் மடியில் கிடந்த பிள்ளையின் முகம்தான் வந்து நிற்கிறது. மறுபடியும் ஒருமுறை முயன்று பார்த்தாள். தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது.

"வாய் வரமாட்டேங்குது மச்சான்" என்றாள். இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "ஆனா சொல்லணும்னு நிய்யத்து இருக்கு."

தாரிக்கின் விரல்கள் அவள் கைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தன. அவர் மெல்ல, "அதுவும் கணக்குல உண்டு" என்றார்.

மஃரிபு தொழுகைக்கு நேரமாகிவிட்டது. சித்திக்கா பந்தை எடுத்து மணலைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவர் முழங்கையைப் பிடித்து ஆட்டோ நின்ற இடத்துக்கு அழைத்துக்கொண்டு நடந்தாள்.